ஆளில்லாத வாக்குச்சாவடிகள்

உள்ளாட்சித் தேர்தல் என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மில் பலருக்கும் உத்திரமேரூர் நினைவுக்கு வந்துவிடுகிறது. பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் நமக்குள் ஊன்றிவைத்த பழக்கம் அது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாக்களித்த இனம் என்று நெஞ்சு நிமிர்த்துவோம், நிமிர்த்துவதில் தவறுமில்லை. ஆயினும் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள பராந்தக சோழரின் கல்வெட்டுகளைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. அவ்வூரில் எத்தனை பேர் வாக்களித்தார்கள்?

ஒருவரும் வாக்களிக்கவில்லை என்பதே விடை. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டன. அவை தனித்தனிக் கட்டுகளாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. கூடியிருந்த நம்பிமாருள் மூத்தவர் குடத்தைத் தூக்கி அனைவரும் காணக் காட்டுவார். ஏதுமறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்யஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கி, பெயரை உரக்கப் படிப்பான். விரல்களை மடக்கினால் உள்ளே வேறோர் ஓலையை ஒளித்துவிடலாம் என்பது அன்றே தெரிந்திருந்தது! இவ்வாறு குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் கிடைப்பர். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். முந்நூற்று அறுபது நாள் பணி. பின்பு மீண்டும் குடம்.

ஆக, நடந்தது குலுக்கல். யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதில்தான் ஊரின் கவலை முழுவதும் இருந்தது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் எடுத்த வீடு, வேதக் கல்வி ஆகியன வேண்டும். 919இல் முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது வரம்பு, 921இல் முப்பத்தைந்து முதல் எழுபது என மாற்றப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள் என்றால், இடைப்பட்ட காலத்தில் அவ்வூரில் ஏதோ நிகழ்ந்திருக்கவேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நீக்கப்பட்டனர். இது அந்தணர் குடியிருப்பின் சபை. அவ்வூரின் உழவரும் கைவினைஞரும் பெண்களும் குடத்தின் பக்கம் வரவே இல்லை.

எனினும் இக்கல்வெட்டில் நம் பொருளுக்கு நேரே தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. குடவோலை எடுக்கும் நாளில் இளையோர் முதியோர் எல்லாம் உள்ளிட்ட மகாசபை கூடியிருக்கவேண்டும். அன்று ஊரிலிருக்கும் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் மண்டபத்தில் இருக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. தேர்ந்தெடுப்பதில் ஒருவருக்கும் குரலில்லை. ஆயினும் அனைவரும் சாட்சியாக நிற்கவேண்டும். வருகை கட்டாயம், வாக்கு இல்லை. இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் இது சுவையான தலைகீழ்.

வாக்குப்பதிவு விழுக்காடு என்று நாளிதழ்களில் நாம் காணும் எண் மிக அண்மைக் காலத்துக் கருவி. எந்த விழுக்காட்டுக்கும் கீழே ஒரு மொத்தம் இருந்தாகவேண்டும். வந்தவர்களை எண்ணுவது எளிது. யார் யாரெல்லாம் வந்திருக்கவேண்டியவர்கள் என்று முடிவு செய்வதில்தான் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது அதனைத்தான். ஆனால் அது கும்பினியார் நியமித்த மேயரும் ஆல்டர்மென்களும் கொண்ட மன்றம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1878ஆம் ஆண்டுச் சட்டம்தான் உறுப்பினர்களில் ஒரு பகுதியினரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழி செய்தது. 1882 மே மாதத்தில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானம், ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று நம் தாத்தாக்கள் சொல்லிவந்த அமைப்புகளுக்குக் கால்கோளிட்டது. மாநகராட்சியின் வெள்ளை மாளிகைக்கு அவர் பெயர் வைத்த நன்றியுணர்வு பாராட்டத்தக்கது. ஆயினும் அக்காலத்து வாக்காளர் என்பவர் சொத்தும் வரி ரசீதும் உடையவர். தெருவில் பத்து வீடு இருந்தால் ஓரிரு வீட்டுக்காரருக்கு வாக்குண்டு. குடித்தனக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இல்லை. அன்றைய தேர்தல்களில் எத்தனை விழுக்காடு பதிவாகியிருந்தாலும் அந்த எண்ணுக்கு இன்றைய பொருளில் மதிப்பில்லை. விடுதலைக்குப் பின், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்றான பிறகுதான் கீழே நிற்கும் மொத்தம் ஊராக ஆயிற்று.

அப்படி ஆன பின்பு நிகழ்ந்ததை எண்ணினால் வருத்தமே மிஞ்சுகிறது. காமராசர் காலத்தில், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஊராட்சிகளும் ஊராட்சி ஒன்றியங்களும் உயிர்பெற்று எழுந்தன. அறுபதுகளில் ஒன்றியத் தலைவர் பதவி என்பது சட்டமன்ற உறுப்பினர் பதவிக்கு நிகரான மதிப்புடையதாக இருந்ததை அக்கால மனிதர்கள் இன்றும் சொல்வார்கள். 1970க்குப் பிறகு ஊரகத் தேர்தல் 1986இல்தான். அதன்பின் 1996. சென்னையின் கதை இன்னும் மோசம். 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் புகாரை ஒட்டி மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கூடியது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள் மாநகரத்தைத் தனி அலுவலர்கள் ஆண்டார்கள்.

இருபத்து மூன்று ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. கலைக்கப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தை, கவுன்சிலர் என்றொருவரைப் பார்க்காமலே பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்கும் போயிருக்கும். தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது என்பதற்கு அக்குழந்தை கற்ற விடை, ஏதோவோர் அலுவலகத்தில் மனு கொடுப்பது. வாக்களிப்பது ஒரு பழக்கம். பழக்கங்கள் விட்டுப்போனால் சட்டத் திருத்தம் ஒன்றினால் மட்டும் திரும்பி வந்துவிடா.

2022 பிப்ரவரி 19 அன்று தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. மாநில அளவில் 60.70 விழுக்காடு பதிவாயிற்று. அதனைப் பிரித்துப் பார்த்தால்தான் செய்தி தெரியும். பேரூராட்சிகளில் 74.68; நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22. சென்னையில் மட்டும் 43.59. ஊர் பெரிதாகப் பெரிதாக வரிசை சுருங்குகிறது. மறுநாள் வழக்கமான வசைபாடல் தொடங்கியது. படித்தவர்கள் வருவதில்லை, விடுமுறை என்றால் ஊர் சுற்றப் போய்விடுகிறார்கள், சென்னைவாசிக்குப் பொறுப்பில்லை என்பன போன்ற வசைகள். இவற்றில் உண்மை அறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் 200 வார்டுகளில் அன்று இருந்தார்கள். சராசரியாக வார்டுக்கு முப்பதாயிரம் பேர். அவர்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினருக்கு உள்ள அதிகாரம் சொற்பம். நிருவாகம் ஆணையர் கையில். மேயரைக்கூட அம்முறை வாக்காளர் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1996இலும் 2001இலும் நேரடியாக, 2006இல் மறைமுகமாக, 2011இல் மீண்டும் நேரடியாக, பின்பு மறுபடி மறைமுகமாக என்று அந்த விதி பந்தாடப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, வீடு மாறியவர்களும் உலகைவிட்டே போனவர்களும் பட்டியலில் தொடர்ந்ததால் கீழே நிற்கும் மொத்தமும் அன்று ஊதிப்போயிருந்தது. இத்தனைக்கும் பிறகு நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர் வந்தார்களே என்று நமக்கு வியப்புத்தான்.

சிற்றூர்களில் நிலை வேறு. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் நடந்த தேர்தலில், இரு கட்டங்களிலும் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். நிறத்தை வைத்தே எது எதற்கென்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லிவிடுவாள். வார்டுக்குச் சில நூறு வாக்குகள். ஒரு வீட்டார் மனம் மாறினால் முடிவே மாறும். சமமாக வாக்குகள் விழுந்தால் சட்டப்படி சீட்டுக் குலுக்கல். உத்திரமேரூர்க் குடம் இன்றும் அந்த ஓரத்தில் உயிரோடிருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால், நகரம் அசட்டை, கிராமம் அக்கறை என்ற எளிய படம் கிடைத்துவிடும். அப்படத்தைக் கிழிக்கும் நான்கு ஊர்ப் பெயர்கள் தமிழக வரலாற்றில் உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்றும் மதுரை மாவட்டம் உசிலம்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்தவை. கொட்டகச்சியேந்தல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

எழுபத்து மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தனித் தேர்தல் ஆணையம் ஆகியவற்றோடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு எனவும் அது விதித்தது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் அதனை ஒட்டி எழுந்தது. 1996 அக்டோபரில் தேர்தல். மேற்சொன்ன நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. நிலமும் எண்ணிக்கையும் உடைய சாதியினர் அதனை ஏற்கவில்லை. நேற்றுவரை நம் வயலில் களை எடுத்தவன் நாளை ஊராட்சி அலுவலக நாற்காலியில் அமர்ந்து கையெழுத்திடுவதா என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். வேட்பு மனு கொடுக்க ஒருவரும் வரவில்லை. கொடுக்க எண்ணியவருக்கு வேலையும் கடன் தரும் கையும் அதே வீடுகளிலிருந்து வரவேண்டியிருந்தது. பெட்டி வந்தது, காவலர் வந்தனர், தேர்தல் நடக்கவில்லை. அடுத்த அறிவிக்கை, அதற்கடுத்த அறிவிக்கை என்று பத்தாண்டுகள் இப்படியே கழிந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடப்பது முறையாகாது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் நசுக்கப்பட்டவர்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள்மீது காவலர் சுட்டனர். மாண்டவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. பிறப்பை வைத்து மனிதனை இழிவு செய்யும் சட்டத்தின் கொடுமையை அவ்வளவு நெருக்கமாக அறிந்த மண்ணில்தான் இதுவும் நடந்தது. வரலாறு பாடம் கற்பிக்கும் என்று சொல்பவர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று.

வாக்குப்பதிவைப் பற்றிய நம் ஆராய்ச்சிக்கு மிக முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. எல்லா முறையும் பெட்டி காலியாக இருக்கவில்லை. தேர்தலே நடவாமலிருந்தால் அரசும் நீதிமன்றமும் நெருக்கும் என்றுணர்ந்த பின், ஊர்ப் பெரியவர்களே பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை வேட்பாளராக நிறுத்தினர். ஊர் அவருக்கு வாக்களித்தது. தாமாகத் துணிந்து போட்டியிட்டவர் தோற்றார். வென்றவர் பதவியேற்ற சூட்டோடு விலகல் கடிதம் கொடுத்தார். மறுபடி காலியிடம், மறுபடி அறிவிக்கை. ஏட்டில் பார்த்தால் அமைதியான தேர்தல். ஒருவரும் தடுக்கப்படவில்லை. வரிசையில் நின்று, விரலில் மை வைத்து, முத்திரை குத்தி, தேர்தலையே தோற்கடித்தார்கள். காலிப் பெட்டிக்கும் இந்த நிறைந்த பெட்டிக்கும் பொருள் ஒன்றே என்பதை எந்த விழுக்காடும் நமக்குச் சொல்லாது.

மேலவளவில் இதற்கு நேர்மாறு. மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள இவ்வூராட்சியும் 1996இல் ஒதுக்கப்பட்டது. அச்சுறுத்தலால் முதற்கட்டம் நின்றது. அடுத்த முயற்சியில் வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. கடைசியில் பலத்த காவலோடு, ஆதிக்கச் சாதியினர் புறக்கணித்த நிலையில், அவ்வாண்டின் இறுதி நாளில் தேர்தல் நடந்தது. முருகேசன் தலைவரானார். பாதி ஊர் வராத தேர்தல் என்பதால் விழுக்காடு என்ற அளவுகோலுக்கு அது குறைந்த மதிப்பெண் பெற்ற தேர்தல்தான். ஆனால் வந்தவர்கள் எதனைப் பணயம் வைத்து வந்தார்கள் என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பும் வழியில் பேருந்தை மறித்து, முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பதினேழு பேருக்கு வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. 2009இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2019 நவம்பரில் அவர்களுள் பதின்மூவர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர்.

நான்கு ஊர்களுக்கு வருவோம். 2006இல் ஆட்சி மாறியது. மதுரை மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த த. உதயச்சந்திரன் அவ்வூர்களின் பெரியவர்களோடு அமர்ந்து பேசினார். காவலரை வைத்துப் பெட்டியைக் காக்கலாம். நாற்காலியில் அமர்ந்தவரை ஐந்தாண்டு காக்க முடியாது என்பதை மேலவளவு உணர்த்தியிருந்தது. ஆகவே ஊரின் ஒப்புதல் தேவைப்பட்டது. 2006 அக்டோபர்த் தேர்தலில் நான்கு ஊராட்சிகளிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். விலகல் கடிதம் கொடுக்கவுமில்லை. அரசு சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்துத் தலைவர்களைச் சிறப்பித்தது. விழாவின் ஆரவாரத்தைப் பற்றி நமக்கு மாற்றுக் கருத்து உண்டு. பத்தாண்டு தாமதமாக அரசியலமைப்பு ஓர் ஊருக்குள் நுழைந்ததற்குப் பாராட்டு விழாவா என்று கேட்கத் தோன்றுகிறது. அதே வேளையில், அன்றுவரை அந்நாற்காலியில் அமரத் தம் வீட்டில் ஒருவரும் துணியாத குடும்பங்களுக்கு அந்த மேடை என்னவாக இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் கிராமசபை கூடியபோது முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதில் கலந்துகொண்டார். 2006இல் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தவரும் அவரே.

வேட்பாளரே இல்லாத இடத்துக்கு வாக்குப்பதிவு விழுக்காடு கணக்கிடப்படுவதில்லை. போட்டியின்றித் தேர்வான இடத்துக்கும் அப்படியே. ஒவ்வோர் ஊரகத் தேர்தலிலும் ஆயிரக்கணக்கான வார்டு உறுப்பினர்கள் போட்டியின்றி வருகிறார்கள். அவற்றில் பல, உறவும் இணக்கமும் உள்ள சிற்றூர்களில் இயல்பாக அமைவன. சில, கோயில் திருப்பணிக்கு இவ்வளவு என்று பதவியை ஏலம் விட்டதால் அமைவன. தேர்தல் ஆணையம் ஒவ்வொரு முறையும் ஏலத்துக்கு எதிராக எச்சரிக்கை விடுவதே அதற்குச் சான்று. ஆக, மாநிலத்தின் சராசரி என்று நாம் படிப்பது, போட்டி நடந்த இடங்களின் சராசரி மட்டுமே. பத்தாண்டுக்கால பாப்பாபட்டி அந்த எண்ணில் இல்லவே இல்லை.

தேர்தலே அறிவிக்கப்படாத ஆண்டுகளும் அந்த எண்ணில் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலின் அறிவிக்கையை, இடஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அம்மாதம் 4ஆம் நாள் ரத்து செய்தது. அதன்பின் ஊரகங்கள் மூன்றாண்டுக்கு மேலும், நகரங்கள் ஐந்தாண்டுக்கு மேலும் தனி அலுவலர்கள் வசம் இருந்தன. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மறுநாள் முதல் அவ்வூராட்சிகளின் காசோலைகளில் தனி அலுவலர்கள் கையெழுத்திடத் தொடங்கினர்.